குழியின் வாய் எல்லார்க்கும் ஒன்றே

கோல்ப் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவரிற் சிலருக்கு வெறுப்பு உண்டாகிறது. வேறு சிலருக்கு மயக்கம் உண்டாகிறது. வெறுப்பவர்கள், "அது துரைமார் ஆட்டம், உழைக்காத உடம்புக்கு வேர்வை வரவழைக்கும் உபாயம், நமக்கெதற்கு?" என்கிறார்கள். மயங்குகிறவர்கள், அந்தப் புல்வெளியில் ஒரு முறை கால் வைத்துவிட்டால் தாங்களும் அரைத் துரையாகிவிட்டதாக எண்ணி, மறுநாள் முதல் தாய்மொழியிற் பேசுவதையும் குறைத்துக்கொள்கிறார்கள். இவ்விரு சாராரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஆடியவனைத்தான் பார்க்கிறார்கள். ஆடியவன் கப்பலேறிப் போய் நெடுநாளாயிற்று. ஆட்டம் இங்கேயே இருக்கிறது. அதனுள்ளே ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த நியாயத்தைத் தோட்டத்துச் சகோதரர்களும் பட்டணத்து அன்பர்களும் ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே, சாலையை ஒட்டினாற்போல் ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. இன்று அது சுல்தான் அகமது ஷா பெயரைத் தாங்கிய சங்கத்தின் மைதானம். அதிலே புதிதாகச் சேர்ந்து, ஓய்வு நாட்களில் ஆடி வருகிறேன். இச்செய்தி தோட்டத்தில் பரவிய அன்று, பெரட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன கிராணியாரே, பெரிய துரை வேலைக்கு நாள் பாக்கிறீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியின் அடியில் நூறு வருஷத்துச் சரித்திரம் கிடக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு எழுதினார். நாற்பது வருஷம் கழித்து, 1925-இல், சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, இங்கே ஒரு மலைவாச நகரம் அமைக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை வேலை 1928-இல் தொடங்கிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தோற்றுவித்தார். காடு திருத்தித் தேயிலை நட்ட கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். 1930-களின் நடுவில், தானா ராத்தாவுக்கு அருகில் 6 குழிகள் கொண்ட சிறு கோல்ப் மைதானம் ஒன்று உண்டாயிற்று. பின்னர் அது 9 குழிகளாகி, யுத்தத்துக்குப் பிறகு 18 குழிகளாக வளர்ந்தது.

இது கேமரன் மலைக்கு மட்டும் உரிய வரலாறு அன்று. நுவரெலியாவில் 1889-இல் கோல்ப் சங்கம் கண்டார்கள். நீலகிரியிலும் மூணாற்றிலும் அவ்வாறே செய்தார்கள். எந்த மலையில் தமிழர் கொழுந்து பறித்தனரோ, அந்த மலையில் துரைமார் ஒரு புல்வெளி விரித்துப் பந்து தட்டினர் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆட்டம் தொடங்குகிற சிறு மேடைக்கு ஆங்கிலத்தில் டீ என்று பெயர். நாம் பறித்த இலைக்கும் அவர்கள் மொழியில் அதே ஓசைதான். ஒரு டீயைப் பறித்தவன் மற்ற டீயில் ஏறவில்லை, ஏறியவனுக்குப் பை தூக்கினான், புல் வெட்டினான், காணாமற் போன பந்தைப் புதரிலே தேடினான். துரைமார் கூடிய இடங்களில் ஆசியருக்கு உள்ளே இருந்த வேலை பரிமாறுவதும் பெருக்குவதுந்தான். பெரியவர் கேட்ட கேள்வி இந்த நினைவிலிருந்து பிறந்தது.

ஆயினும் அவருக்கு நான் சொல்ல விரும்பிய முதற் பதில் இதுதான்: ஐயா, இந்தப் பந்தே நம்முடையது.

இதை வாய்வீச்சு என்று எண்ண வேண்டாம். கோல்ப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். 1457-இலேயே அந்நாட்டுச் சட்டசபை, ஜனங்கள் வில்வித்தையை மறந்து இதிலே மூழ்குகிறார்கள் என்று தடை விதித்திருக்கிறது. நெடுங்காலம் அவர்கள் ஆடியது தோலுறைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்த பந்து. ஒரு தொழிலாளி நாள் முழுதும் குனிந்து தைத்தாலும் சில பந்துகளே தேறும். நனைந்தால் ஊறும், அடித்தால் கிழியும், விலையோ மட்டையின் விலையையும் மிஞ்சும். ஆகவே பணக்காரனே ஆடினான். அந்த நிலையை மாற்றியது எது? மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால். அதிலிருந்து எடுக்கும் கெத்தா பெர்ச்சாவைப் பற்றி 1843-இல் டாக்டர் மாண்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் தெரிவித்தார். 1848 வாக்கில் அதனை உருட்டிப் பந்து செய்தார்கள். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், உடைந்தால் உருக்கி மறுபடி வார்க்கலாம். பந்து மலிந்தது. மலிந்ததும் கொத்தனும் தச்சனும் நெசவாளியும் மட்டையைத் தூக்கினார்கள். ஸ்காட்லாந்தின் ஏழை ஆடுவதற்கு மலாயாவின் மரம் பால் கொடுத்தது.

பிறகு 1898-இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிய புதுப்பந்தைக் கண்டுபிடித்தார். அதன் பின் நூறு வருஷம் உயர்ந்த பந்துகளின் வயிற்றில் இருந்தது பெரும்பாலும் ரப்பர் நூலே. அந்த நூறு வருஷத்தின் பெரும் பகுதியில் உலகத்துக்கு ரப்பர் கொடுத்த முதன்மையான நாடுகளில் மலாயா ஒன்று. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரத்தைக் கீறிய நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பு, அவர்கள் அறியாமலே, உலகத்துப் புல்வெளிகளிலெல்லாம் உருண்டோடியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் முழுதும் செயற்கைப் பொருளால் ஆன பந்து அந்த நூற்பந்தை ஓரங்கட்டிற்று. நிலம் திருத்தியதும் நாம்; பந்துக்குப் பால் எடுத்ததும் நாம்; பை தூக்கியதும் நாம். ஆடுவது மட்டும் அந்நியம் என்றால் அது எந்த ஊர்க் கணக்கு?

இனி ஆட்டத்துக்குள் வருவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,700 அடி உயரத்திலுள்ள ஊர் இது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கடற்கரை மைதானத்தைவிடச் சற்று அதிக தூரம் பறக்க வேண்டும். குளிர் அதிற் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பனிமூட்டம் கலையுமுன் போனால், அடித்த பந்து எங்கே விழுந்தது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. காதால் அறிய வேண்டும். பிற்பகலில் பெரும்பாலும் மழை வரும். தரை ஈரமாகவே இருப்பதால் பந்து விழுந்த இடத்தில் நின்றுவிடும். பட்டணத்து மைதானங்களில் உருண்டோடும் தூரத்தை நம்பிப் பழகியவர்கள் இங்கே வந்து ஏமாறுவதைப் பார்க்கிறேன். முதல் மாதம் நான் ஆடியது ஆட்டமன்று. புல்லுக்கு மண்வெட்டி போட்டேன் என்பதே பொருத்தம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

நான் முதலில் வியந்தது, இவ்வாட்டத்தில் நடுவர் இல்லை என்பது. பெரும் பந்தயங்களில் உண்டு. நம்போன்றவர் ஆடும்போது கிடையாது. தன் அடியைத் தானே எண்ண வேண்டும். புதருக்குள் எவரும் காணாமல் பந்து ஓர் அங்குலம் அசைந்தாலும், அசைந்தது என்று தானே வாய்விட்டுச் சொல்லித் தண்டத்தை ஏற்க வேண்டும். 1925-இல் அமெரிக்கப் பகிரங்கப் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் என்ற பெருவீரர், வேறெவரும் காணாத அசைவுக்குத் தம்மேல் தாமே ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டார். முடிவில் இருவர் சமநிலைக்கு வந்து, மறுபடி ஆடி, அவர் தோற்றார். அந்த ஓர் அடியை அவர் விழுங்கியிருந்தால் வெற்றி அவருடையது. கோயிலிலே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வாசலிலே பொய் சொல்லும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், சாட்சியில்லாத இடத்திலும் கணக்குத் தவறாத இந்த ஒழுக்கம் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகலாம்.

அடுத்ததாக நான் கண்ட நியாயமே எல்லாவற்றிலும் பெரிது. அதை ஆங்கிலத்தில் ஹாண்டிகாப் என்பார்கள். நான் அதனை ஈட்டடி என்று எழுதுகிறேன். குறையை ஈடு செய்யும் அடி என்று பொருள். வல்லவனும் புதியவனும் சேர்ந்து ஆடினால் வல்லவனே எப்போதும் வெல்வான். அதிலே ரசமும் இல்லை, நியாயமும் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவன் முன்னாடிய கணக்குகளைக்கொண்டு ஓர் எண் தருகிறார்கள். அவன் அடித்த மொத்த அடிகளிலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பார்க்கிறார்கள். 2020-இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வகுத்துவிட்டார்கள். அதன்படி கடைசி 20 ஆட்டங்களிற் சிறந்த 8-ஐ எடுத்துக் கணக்கிடுகிறார்கள். உச்ச அளவு 54. மூன்று முழு ஆட்டம் ஆடிக் கணக்குக் காட்டினால் புதியவனும் தன் எண்ணைப் பெறலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பட்டணத்திலிருந்து ஓர் அன்பர் மலைக்கு வந்திருந்தார், படித்தவர், நல்ல நிலையிலுள்ளவர். அவருடைய ஈட்டடி 28. அவரோடு ஆடியவர் கைதேர்ந்தவர்; அவருடையது 10. ஆட்டம் முடிந்தபோது கைதேர்ந்தவர் 84 அடி, நம் அன்பர் 101 அடி. 84-இல் 10 போக 74. 101-இல் 28 போக 73. நம் அன்பர் ஓரடியில் வென்றார். கைதேர்ந்தவர் மகிழ்ச்சியோடு கைகொடுத்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்பரும் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார், நிமிர்த்தியது நியாயமே.

பிறகு மூவருமாகத் தானா ராத்தா கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பேச்சு தமிழ்நாட்டுச் செய்திகளுக்குப் போயிற்று. அங்கே கல்லூரிகளிலும் உத்தியோகங்களிலும் பின்தள்ளப்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றி வந்தது. அன்பர் கோப்பையை வைத்துவிட்டு, "இதனாலேதான் தம்பி, நாடு கெட்டுப் போச்சு. தகுதிக்கு மதிப்பில்லாமல் சலுகையிலேயே ஒரு ஜாதி மேலே வந்தால் எப்படி? போட்டி என்றால் எல்லாரும் ஒரே கோட்டிலேதான் நிற்க வேண்டும்" என்றார்.

நான், "அண்ணே, காலையில் நீங்கள் எந்தக் கோட்டில் நின்றீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "அது வேறு, அது ஆட்டத்தின் விதி" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் உலகத்து மேல்தட்டாரின் மனம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தமக்கு வந்தால் விதி. பிறருக்குப் போனால் சலுகை!

அன்பரைக் குறை கூறுவது என் எண்ணமன்று. அவர் சொன்னதிலேயுள்ள மூன்று ஆட்சேபங்களையும் எடுத்துப் பார்ப்பதே பயன். முதலாவது, ஈடு கொடுத்தால் தரம் கெடும் என்பது. கோல்ப் குழியின் வாய் நாலேகால் அங்குலம். வல்லவனுக்கும் அதே வாய். புதியவனுக்கும் அதே வாய். 54 ஈட்டடி பெற்றவனுக்காகக் குழியை எவரும் வாளியளவு அகலமாக்கவில்லை. பந்து அந்த நாலேகால் அங்குலத்துக்குள் விழுந்தால்தான் ஆட்டம் முடியும். அவ்வாறே, இட ஒதுக்கீட்டால் கல்லூரியிற் சேர்ந்த மாணவனும் அதே பரீட்சையை எழுதித்தான் தேறுகிறான். அதே உடலைத்தான் அறுத்து வைத்தியம் கற்கிறான். மாறுவது நுழையும் இடத்துக் கணக்கு. முடியும் இடத்துக் குழி மாறுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம்: ஆட்டத்தில் தனித்தனி மனிதனின் திறமையை அளந்து ஈடு தருகிறார்கள், சமூகத்திலோ கூட்டம் கூட்டமாகத் தருகிறார்களே என்பது. இது யோசிக்கத் தக்க ஆட்சேபம். ஆனால் மைதானத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் தொடங்கும் மேடை ஒன்றன்று, பல. முதியோருக்கு வழக்கமாக ஒரு மேடை முன்னே. பெண்களுக்கு வழக்கமாக இன்னொரு மேடை அதற்கும் முன்னே. அங்கே ஒவ்வொரு கிழவரின் தோளையும் அளந்தா மேடை போட்டார்கள்? ஒரு கூட்டத்தார் பொதுவாகச் சுமக்கும் குறையை அறிந்து பொதுவாக ஈடு செய்தார்கள். முதுமையும் உடலமைப்பும் இயற்கை வைத்த குறை. ஜாதியால் வந்த குறையோ மனிதன் வைத்தது. இயற்கை வைத்த குறைக்கு ஈடு நியாயம். மனிதனே வைத்த குறைக்கு ஈடு அநியாயம் என்று சொல்வது எந்தத் தர்க்கம்?

மூன்றாவது: எத்தனை நாளுக்கு இந்த ஈடு என்பது. ஆட்டம் இதற்கும் வழி சொல்கிறது. திறமை வளர வளர எண் தானே குறையும். நான் சேர்ந்தபோது இருந்த எண் இன்று இல்லை. அதைக் குறைத்தது எவருடைய தயவுமன்று, கணக்கு. அதேபோல் அடிபட்டுக் கிடப்பவனுக்கு எண் குறையாது. குறைக்க வேண்டும் என்று எவரும் கூச்சலிடுவதுமில்லை. அளந்து பார்த்துச் சொல்வார்கள். அளக்காமலே, "போதும், போதும்" என்பது ஆட்டக்காரன் குரலன்று. ஈடு கொடுக்க மனமில்லாதவன் குரல்.

இந்த நியாயத்தை நம்மவர் புல்வெளியிலிருந்து கற்க வேண்டிய அவசியம் உண்மையில் இல்லை. சென்னை மாகாணத்தில் 1921-இலேயே நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களுக்கான அவ்வுத்தரவு செல்லாதென்று தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டுக் கிளர்ச்சியின் பலனாக அதே ஆண்டிலேயே இந்திய அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து சுற்றுப்பிரயாணம் செய்த நாளிலிருந்து சுயமரியாதைக் கருத்து நம் தோட்டங்களிலும் வேரூன்றியது. இம்மலையில் தேயிலை ஊன்றிய ஆண்டும் அதுவே. இரண்டு செடிகளில் ஒன்றை மட்டும் நாம் நன்றாகக் கவாத்து செய்து வளர்த்திருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

ஈடு கொடாத உலகம் எப்படி இருந்தது என்பதற்கும் கோல்ப் வரலாற்றிலேயே சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர் வழியில் வந்தவர் சியூசங்கர் சியூகோலம். எல்லாரும் பாப்வா என்று அழைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுவயதில் வெள்ளையர் மைதானத்தில் பை தூக்கியவர். மட்டையை ஊரெல்லாம் பிடிக்கும் விதத்துக்கு நேர்மாறாக, வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்துப் பிடிப்பார். சொல்லிக் கொடுப்பார் இல்லாமல் தானே கற்றதன் அடையாளம் அது. 1959-இல் ஐரோப்பாவுக்குப் போய் டச்சுப் பகிரங்கப் பந்தயத்தை வென்றார், மறுவருஷமும் வென்றார். 1963-இல் தம் சொந்த ஊரான டர்பனில் நேட்டால் பகிரங்கப் பந்தயத்தில் வெள்ளையரையெல்லாம் வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. தோற்றவர்கள் சங்கக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வென்றவர், நிறவெறிச் சட்டத்தின் காரணமாக உள்ளே நுழைய முடியாமல், வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. 1965-இல் உலகப்புகழ் பெற்ற காரி பிளேயரையும் அதே பந்தயத்தில் வென்றார். பின்னர் அவர் பந்தயங்களில் ஆடுவதற்கே தடை வந்தது. 1978-இல் வறுமையில் இறந்தார். அவர் ஈட்டடி கேட்கவில்லை. சம அடியில் வென்றார். அப்போதும் கதவு திறக்கவில்லை. தகுதி தகுதி என்று பேசுவோர், தகுதியைக் கண்டபோது என்ன செய்தார்கள் என்பதை இந்த மழை சொல்லும்.

மற்றோரும் இதில் பின்தங்கியவரல்லர். அமெரிக்காவில் தொழில் கோல்ப் ஆட்டக்காரர் சங்கத்தின் விதிகளில் வெள்ளையர் மட்டுமே அங்கத்தினராகலாம் என்ற வாசகம் 1961 வரையில் இருந்தது. ஆட்டத்தின் தாயகமான செயின்ட் ஆண்ட்ரூசில், பழம்பெரும் சங்கம் பெண்களை அங்கத்தினராக ஏற்கச் சம்மதித்தது 2014-இல்! பெண்ணுக்கு முன்மேடை கொடுத்தவர்களே முன்வாசலைக் கொடுக்க இத்தனை காலம் பிடித்தது. ஆயினும் திறந்த இடத்திலெல்லாம் பை தூக்கியவன் மேலே வந்திருக்கிறான். 1913-இல் அமெரிக்கப் பகிரங்கப் பந்தயத்தை வென்ற 20 வயது பிரான்சிஸ் விமெட் முன்னாளில் பை தூக்கியவர். அவருக்கு அன்று பை தூக்கியவன் 10 வயதுச் சிறுவன். 1991-இல் இந்தியப் பகிரங்கப் பந்தயத்தை வென்ற அலி ஷேர், டில்லியில் பை தூக்கியவர். 2009-இல் அதே பந்தயத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். நம் மலேசியாவிலும் இராமையா, குணசேகரன் என்ற தமிழ்ப் பெயர்கள் தொழில் ஆட்டக்காரர் வரிசையில் ஏறியிருக்கின்றன.

இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. இன்று மலேசியாவில் தோலின் நிறத்தைப் பார்த்து எவரும் என்னை மைதானத்துக்கு வெளியே நிறுத்தவில்லை. நிறுத்துவது இரண்டு: ஒன்று பணம், மற்றது நம் மனம். பணம் பெருந்தடையே. மட்டைப் பை, காலணி, ஆட்டக் கட்டணம் எல்லாம் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதவை. நான் பழைய மட்டைகள் ஏழெட்டை மலிவாய் வாங்கித் தொடங்கினேன். விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம், ஏழு போதும். விண்ணப்பத் தாளை நிரப்பும் ஆங்கிலம் எனக்குப் பள்ளியிலேயே வந்துவிட்டது. அதுவே நான் பெற்ற முன்மேடை. லயத்திலே பிறந்து அந்த மேடை வாய்க்காதவன் எத்தனை பேர்! ஆகவே ஆட வந்தவர்கள் செய்ய வேண்டிய முதற் காரியம், பழைய மட்டைகளைச் சேர்த்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வெளியில் நிறுத்திப் பழக்குவது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே பழக்குவது.

மனத்தடை இன்னும் கடினமானது. நம்மிற் சிலர் உள்ளே போனதும், முன்பு நம்மை எந்தக் குரலில் அழைத்தார்களோ அதே குரலைப் பிறர்மேல் எடுக்கிறார்கள். இன்று தேயிலைத் தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் பிடிப்பவர்களிற் பலர் வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். எங்கள் பாட்டன்மார் கப்பலில் வந்தார்கள். இவர்கள் விமானத்தில் வந்தார்கள். கடனும் தனிமையும் அதேதான். அவர்களை "ஏய், இங்கே வா" என்று கூப்பிடும் தமிழ் நாக்கைக் கேட்கும்போது, துரை போனாலும் துரைத்தனம் போகவில்லை என்று தெரிகிறது. பையைத் தூக்குபவனை "வாங்க" என்று சொல்லப் பழகாதவன் எத்தனை அடியில் ஆட்டத்தை முடித்தாலும் அவன் ஆட்டக்காரனல்லன்.

என்னைக் கேலி செய்த பெரியவரைப் பின்னர் ஒரு நாள் அழைத்துக்கொண்டு போனேன். அவர் சிறுவயதில் ஒரு மலைநாட்டு மைதானத்தில் பை தூக்கியவர் என்பது அன்றுதான் தெரிந்தது. தரையின் சரிவைப் பார்த்து, "இங்க பந்து இடப்பக்கம் ஓடும், கிராணியாரே" என்றார், அப்படியே ஓடியது. "நீங்களும் ஒரு அடி போடுங்க, ஐயா" என்று மட்டையை நீட்டினேன். "நான் துடைக்கிறதுக்குத்தான் இதைத் தொட்டிருக்கேன்" என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடித்தார். பந்து நாற்பது கெஜம் போயிற்று, நேராகவே போயிற்று. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் முதல் முறையாக ஆடுகிறான் என்றால், இழந்த அறுபது வருஷத்துக்கு எத்தனை ஈட்டடி கொடுப்பது? 54 போதுமா?

ஒரு வார்த்தை, இந்த ஆட்டத்தின் பத்தொன்பதாம் குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டும் முடிந்தபின் குடிக்கப் போகும் அறைக்கு அவர்கள் வேடிக்கையாக இட்ட பெயர் அது. கள்ளுக்கடையால் நம் தோட்டங்கள் பட்டது போதும். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதனால் குடி நாகரிகமாகிவிடாது. பதினெட்டுக் குழியோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவதே தேயிலை மலையில் வாழ்பவனுக்கு அழகு.

துரையாவதற்காக ஒருவனும் அங்கே போக வேண்டாம். ஆடுவதற்காகப் போவோம். ஓய்வும் ஆட்டமும் உழைப்பவனின் உரிமை. எவரும் தரும் பரிசல்ல. தன் அடியைத் தானே எண்ணும் நேர்மையையும், மெலிந்தவனுக்கு ஈடு கொடுக்கும் நியாயத்தையும் புல்வெளியில் ஏற்றுக்கொள்கிறவர்கள், அவ்விரண்டையும் வேலிக்கு வெளியேயும் கொண்டுவரட்டும். அதுவரையில், ஈடு கேட்பவனைப் பார்த்து எவராவது தகுதி பேசினால், அவருடைய சொந்த எண் எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.